தகப்பனையும் மேஜையில் படுக்க வைக்கலாமா?



சில வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு சகோதரர் மாத்திரம் பாய்களைச் சுருட்டி வைக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ பேச வேண்டும் என்று நிற்கிறார், வார்த்தை வரவில்லை. கடைசியில், "அண்ணே, ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்றார்.

அவருடைய கைக்குழந்தை பித்தக்குழாய் அடைபட்டுப் பிறந்த பிள்ளை. கண்ணெல்லாம் மஞ்சள். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை. இனி வேறொருவருடைய கல்லீரலில் ஒரு துண்டு எடுத்து வைத்தால்தான் பிழைக்கும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தாயுடைய இரத்த குரூப் சேரவில்லை. தகப்பனுடையது சேர்கிறது.

"குடுக்கணும்னுதான் இருக்கு. ஆனா பயமா இருக்குண்ணே. ராத்திரி தூக்கமே இல்ல. இப்படிப் பயப்படுறவன் ஒரு தகப்பனா? மாட்டேன்னு சொன்னா அது பாவமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அதற்கு முந்தின ஞாயிறுதான் ஆராதனை முடிவில் நாம் அவரை எழுப்பி நிறுத்தி, பிள்ளைக்காகத் தன் சரீரத்தையே கொடுக்கப் போகிற தகப்பன் என்று சொல்லிக் கை தட்டினோம். தட்டினவர்களில் நானும் ஒருவன். அவர் சரி என்று சொல்லியிருந்தாரா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிரவு எனக்கு ஒரு டாக்டருடைய வாழ்க்கை ஞாபகத்துக்கு வந்தது. வெகு நாளைக்கு முன் வாசித்தது. இந்தச் சகோதரர் கேட்ட அதே கேள்வி 1954-ஆம் வருஷம் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் எழும்பினது. அங்கே கேள்வி கல்லீரலைப் பற்றியது அல்ல, பிள்ளைகளுடைய இருதயத்தைப் பற்றியது. அந்த டாக்டர் பெயர் வால்டன் லில்லிஹை. 1918-இல் மினியாபொலிஸ் பட்டணத்தில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ராணுவ மருத்துவராக இருந்துவிட்டு, ஊர் திரும்பி அறுவை சிகிச்சை படித்தவர்.

அந்த நாட்களில் இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளையின் நிலைமை என்ன தெரியுமா? கீழே உள்ள இரண்டு அறைகளுக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஓட்டை இருந்தால், நல்ல இரத்தத்தில் ஒரு பங்கு உடம்புக்குப் போகாமல் திரும்பவும் நுரையீரலுக்கே பாயும். பெரிய ஓட்டையாக இருந்தால் பிள்ளைக்குப் பால் குடிக்கவே மூச்சு வாங்கும், எடை ஏறாது, அடிக்கடி நெஞ்சில் சளி கட்டும். ஓட்டையைத் தைத்தால் தீர்ந்தது. ஆனால் தைப்பது எப்படி? துடித்துக்கொண்டு, இரத்தம் நிறைந்து நிற்கிற இருதயத்தைத் திறக்க முடியுமா? இரத்தத்தை நிறுத்தினால் மூன்று நாலு நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கும்.

உடம்பைக் குளிர வைத்தால் இன்னும் சில நிமிஷம் கிடைக்கும். 1952 செப்டம்பரில் அதே மருத்துவமனையில் டாக்டர் ஜான் லூயிஸ் அப்படிக் குளிர வைத்து, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் இருதய மேலறைச் சுவரிலிருந்த ஓட்டையை மூடினார். லில்லிஹை கூட நின்று உதவினார். ஆனால் கீழறை ஓட்டைக்கு அந்த நேரம் போதாது. இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்கிற இயந்திரம் வேண்டும். பிலடெல்பியாவில் டாக்டர் கிப்பன் பல வருஷம் பாடுபட்டு அப்படி ஒன்றைச் செய்து, 1953 மே மாதம் ஒரு இளம்பெண்ணைப் பிழைக்க வைத்தார். அடுத்து வந்த பிள்ளைகள் இறந்துபோனார்கள். மனம் உடைந்து அந்த ஆபரேஷனையே நிறுத்திவிட்டார். வேறு இடங்களில் இயந்திரத்தை வைத்து முயன்றவர்களுக்கும் அதே கதிதான்.

லில்லிஹையும் அவரோடு வேலை செய்த இளம் டாக்டர்களும் வேறொரு வழியை யோசித்தார்கள். கர்ப்பத்திலிருக்கிற பிள்ளை மூச்சு விடுவதில்லை. தாய் விடுகிற மூச்சுதான் அதற்கும். அப்படியானால் வெளியேயும் ஒரு ஆளுடைய நுரையீரல் இன்னொரு ஆளுக்காக வேலை செய்யக் கூடாதா? பிள்ளைக்குப் பக்கத்து மேஜையில் தகப்பனைப் படுக்க வைத்து, அவருடைய தொடை இடுக்கில் இரத்தக் குழாய்களைத் திறந்து குழாய் மாட்டுகிறது. பிள்ளையின் கெட்ட இரத்தம் தகப்பனுக்குள் போய், தகப்பனின் நுரையீரலில் சுத்தமாகி, ஒரு பம்பு வழியாகப் பிள்ளைக்குத் திரும்பி வரும். பால் பண்ணைகளில் உபயோகிக்கிற மாதிரியான பம்பு அது! கர்ப்பத்தில் இரண்டு பேர் இரத்தமும் கலப்பதில்லை, இங்கே கலந்துவிடும். ஆகையால் குரூப் சேர வேண்டும். மற்றப்படி பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. இதற்குக் குறுக்கு இரத்த ஓட்டம் என்று பெயர்.

நாய்களில் செய்து பார்த்தார்கள். நன்றாகவே நடந்தது. ஆனால் மனுஷரில் செய்யப் போகிறார் என்றதும் மருத்துவமனைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பிற்று. எதிர்த்தவர்கள் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் நிலைத்திருக்கிறது: நூற்றுக்கு இருநூறு சாவு வரக்கூடிய ஒரே ஆபரேஷன் இதுதான் என்றார்கள். ஆம், மேஜை இரண்டு, ஆளும் இரண்டு. ஒரு வியாதியும் இல்லாத ஒருவரை அறுத்து, மயக்க மருந்து கொடுத்து, சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க எந்த டாக்டருக்கு அதிகாரம் இருக்கிறது? தீங்கு செய்யாதே என்பதுதானே மருத்துவத்தின் முதல் பாடம்? எதிர்த்தவர்களை ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர் டாக்டர் வாங்கன்ஸ்டீன் மட்டும், தாராளமாய்ச் செய் என்று எழுதிக் கொடுத்தார்.

1954 மார்ச் 26. ஒரு வயதை ஒட்டின ஆண் குழந்தை. அதன் பெற்றோர் ஏற்கெனவே ஒரு பெண்பிள்ளையை இதே கோளாறினால் இழந்தவர்கள். தகப்பன் பக்கத்து மேஜையில் படுத்தார். 19 நிமிஷம் தகப்பனின் சரீரமே இரண்டு பேருக்கும் மூச்சு விட்டது. ஓட்டையைத் தைத்து மூடிவிட்டார்கள். தகப்பனுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் பதினோராம் நாள் நிமோனியா காய்ச்சலில் குழந்தை இறந்துபோயிற்று. பிறகு திறந்து பார்த்தபோது தையல் விடாமல் அப்படியே இருந்ததாம்.

அந்த வீட்டாரை நினைத்துப் பாருங்கள். ஆபரேஷன் ஜெயம், பிள்ளை இல்லை. லில்லிஹை நிறுத்தவில்லை. ஏப்ரலில் செய்த அடுத்த இரண்டு ஆபரேஷன்களிலும் பிள்ளைகள் பிழைத்தார்கள். 1955 நடுப்பகுதி வரைக்கும் இப்படி 45 பேருக்குச் செய்தார். 28 பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். முப்பது வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது 22 பேர் உயிரோடிருந்தார்கள். இரத்தம் கொடுத்துப் படுத்தவர்களில் ஒருவரும் சாகவில்லை.

இந்தக் கடைசி வரியோடு அநேகர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் உறுத்தல். ஒருவரும் சாகவில்லை என்பது மெய். ஆனால் அதே 1954-இல் ஒரு தாய் தன் மகளுக்காகப் படுத்தார். மருந்து ஏற்றுகிற குழாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து அவருடைய மூளையைப் பாதித்துவிட்டது. நடந்து உள்ளே வந்த ஸ்திரீ. அவர் சாகவில்லை, ஆகவே சாவுக் கணக்கில் இல்லை. பிழைத்த பிள்ளைகளின் கணக்கிலும் அவருக்கு இடமில்லை. பிறகு எந்தக் கணக்கில் அவரை எழுதுவது?

28 பிள்ளைகள் பிழைத்தார்களே, ஒரு தாய் கெட்டுப்போனது அதற்குச் சரியாகப் போயிற்று என்று ஒருவர் சொல்லலாம். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிக் கூட்டிக் கழிக்கிறவர்களுக்கு அந்தத் தாய் வெறும் ஒரு எண். இன்னொருவர், ஒரு தாய் கெட்டுப்போனாரே, அதனால் முதல் நாளே இதைத் தொட்டிருக்கக் கூடாது என்று சொல்லலாம். அதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நடந்த பிறகு தெரிந்ததை வைத்து, நடக்குமுன் செய்த தீர்மானத்தை நிறுக்க முடியாது. ஆபரேஷன் அறைக்குள் போகுமுன் அவர்களுக்கு என்ன தெரியும், அதில் எவ்வளவை அந்தப் பெற்றோரிடம் சொன்னார்கள், மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வழி இருந்ததா? நான் பார்க்கிறது இதைத்தான்.

அப்படிப் பார்த்தால், கேட்டது தவறு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு வழி அன்றைக்கு இல்லை. நாய்களில் பரீட்சித்த பிறகே மனுஷரிடம் வந்தார்கள். இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை மறைக்காமல் மருத்துவ ஏடுகளில் எழுதினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றால், ஒரு வருஷத்துக்குள், 1955 மார்ச்சில், அதே மாநிலத்தில் ராசெஸ்டர் பட்டணத்தின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் கிர்க்லின் இயந்திரத்தை வைத்துச் செய்ய ஆரம்பித்தார். மெய்தான். அவருடைய முதல் எட்டுப் பேரில் நாலு பேர் இறந்தார்கள். இயந்திரம் வரும் வரைக்கும் காத்திருக்க அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு வருஷம் மீதியிருந்தது?

ஆனாலும் ஒரு காரியம் என் மனதை விடவில்லை. பிள்ளையைப் பெற்றவரிடம், நீ படுத்தால் உன் பிள்ளை பிழைக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்லும்போது, அது கேள்வியா கட்டளையா? அவர் சொல்லுகிற ஆமாம், தன் இஷ்டப்படி சொல்லுகிற ஆமாமா? எத்தனை தரம் கையெழுத்து வாங்கினாலும், அவருக்கு முன்னால் இரண்டு கதவு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறார். 1954 ஆகஸ்டு 31. ஏறக்குறைய பத்து வயதுப் பையன். ஃபாலோ என்ற பிரெஞ்சு டாக்டர் பெயரால் சொல்லப்படுகிற நாலு கோளாறும் ஒன்றாய்ச் சேர்ந்து, உதடும் நகமும் நீலம் பூத்த பிள்ளை. அந்தக் கோளாறை முழுவதும் சரி செய்கிற ஆபரேஷன் உலகத்திலேயே அதுதான் முதல். பையனுடையது ஏபி நெகட்டிவ், அபூர்வமான குரூப். பெற்றோருடையது சேரவில்லை. இரத்ததானப் பட்டியலைத் தேடி, அந்தக் குரூப் உள்ள ஒரு சாலைப் பணியாளரைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பையனுக்கு அவர் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வந்து படுத்தார். பையன் பிழைத்து வளர்ந்து பெரிய மனுஷனானான். மாட்டேன் என்று சொல்லக் கூடியவர் சொன்ன ஆமாம் அது. அந்த மருத்துவமனையில் அவ்வளவு சுயாதீனமாய் ஆமாம் சொன்னவர் அவரே என்று நினைக்கிறேன். அதற்காகத் தகப்பன்மாரின் அன்பு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கிறவன் மேல் பொறுப்பு இன்னும் பாரமாய் விழுகிறது, அவ்வளவுதான்.

லில்லிஹைக்கு அந்தப் பாரம் தெரிந்திருந்ததா? அவரும் மேஜையில் படுத்தவர்தான். 1950-இல், காதுக்குக் கீழே வந்த ஒரு கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, அதே வாங்கன்ஸ்டீன் பல மணி நேரம் அவருடைய கழுத்தையும் மார்பையும் திறந்து ஆபரேஷன் செய்தார். ஐந்து வருஷம் தாண்டுவதே அரிது என்று எண்ணியிருந்த மனுஷன் 1999 வரைக்கும் ஜீவித்தார். சாவைப் பக்கத்தில் பார்த்ததினால்தான் அவருக்கு அவ்வளவு துணிச்சல் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் தன் சரீரத்தைக் குறித்த துணிச்சல் வேறு, அடுத்தவன் சரீரத்தைக் குறித்த துணிச்சல் வேறு. இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருக்கும்போது பிரித்துப் பார்ப்பது அவருக்கே கஷ்டமாக இருந்திருக்கும்.

அந்தத் துணிச்சல் பிள்ளைகளுக்கு எவ்வளவோ நன்மை செய்தது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. 1955-இலேயே அவரிடம் வேலை செய்த டாக்டர் டிவால், இரத்தத்தில் காற்றுக் குமிழி விட்டு, பிறகு குமிழியை நீக்கி அனுப்புகிற எளிய கருவி ஒன்றை உண்டாக்கினார். அதன்பின் தகப்பனைப் படுக்க வைக்க வேண்டிய அவசியமே போயிற்று. ஓட்டையைத் தைக்கும்போது சில பிள்ளைகளுக்கு இருதயத் துடிப்பை நடத்துகிற பாதை கெட்டு, துடிப்பு நின்றுபோகும். அதற்காக 1957-இல் இருதயத்திலேயே மெல்லிய கம்பி வைத்து மின்சாரத்தால் துடிக்க வைத்தார். அந்தப் பெட்டியோ சுவரில் பிளக் மாட்டுகிற பெட்டி. அந்த அக்டோபர் 31-ஆம் தேதி பட்டணத்தில் கரண்ட் போய்விட்டது! மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கிற பேக்கன் என்கிறவரிடம் பாட்டரியில் ஓடுகிற மாதிரி ஒன்று செய்து தா என்று கேட்டார். பேக்கன் செய்து, மிருகங்களில் பரீட்சிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் அது ஒரு பிள்ளையின் மார்பில் மாட்டியிருக்கிறது. கையில் கருவி இருக்கும்போது பிள்ளையைச் சாக விடுவேனா என்பது லில்லிஹையின் நியாயம். இன்றைக்கு நம் சபையிலேயே பேஸ்மேக்கர் வைத்த தாத்தா பாட்டிமார் இருக்கிறார்கள்.

அவரிடம் படித்த டாக்டர்கள் தேசம் தேசமாகப் போனார்கள். 1967-இல் முதன்முதல் இருதயத்தையே மாற்றி வைத்த தென்னாப்பிரிக்க டாக்டர் பர்னார்ட் அவர்களில் ஒருவர். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் 1960-களின் ஆரம்பத்திலேயே இயந்திரம் வைத்து இருதயத்தைத் திறக்க ஆரம்பித்தார்கள்.

இவ்வளவும் செய்தவர் பரிசுத்தவான் என்று நினைக்க வேண்டாம். 1973-இல் வருமான வரி ஏய்த்த குற்றத்துக்காக அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, 50,000 டாலர் அபராதமும் சமூக சேவையும் விதித்தது. ஏன் சொல்லுகிறேன் என்றால், பெரிய காரியம் செய்த மனுஷனை நாம் முழுதும் வெள்ளையாகப் பார்க்க ஆசைப்படுகிறோம். அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் அந்தத் தாயும் நம் கண்ணுக்கு மறைந்துபோவார். அவரால் பிழைத்த பிள்ளைகளுக்காக நன்றி சொல்லுவோம். அந்தத் தாயைக் குறித்த கடன் அதனால் தீராது.

சரி, நம் சகோதரருடைய காரியத்துக்கு வருகிறேன். கல்லீரல் துண்டு கொடுக்கிறவருக்கு அது பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். கொடுக்கிறவர் இறந்துபோவது வெகு அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆகையால் அவர் பயப்படுவது விசுவாசக் குறைவு அல்ல. அவருக்கு எதிரே இருப்பது மெய்யான அபாயம். அதைத் தெரிந்துகொள்ளுகிறவன் பயப்படத்தான் செய்வான். பயத்தோடேயே சரி என்று சொல்லலாம். யோசித்துப் பார்த்து முடியாது என்றும் சொல்லலாம். வீட்டில் வேறு சம்பாதிக்கிறவர் இல்லை, மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் யோசிக்கிறவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சில மருத்துவமனைகளில் கொடுக்கிறவரைத் தனியாக உட்கார வைத்துப் பேச வேறொரு டாக்டர் உண்டு. பிள்ளையைப் பார்க்கிற டாக்டர் அல்ல, இவருக்காகவே பேசுகிறவர். இவருக்கு மனதில்லை என்று தெரிந்தால் வீட்டாரிடம், இவர் கொடுக்கத் தகுதியில்லை என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிற வழக்கமும் சில தேசங்களில் இருக்கிறது. அது பொய்யா என்று கேட்பீர்கள். ஒருவன் வீட்டாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல முடியாதபோது, அவனுக்காக ஒரு கதவைத் திறந்து வைப்பதைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் வேறு விதமாக நினைக்கலாம்.

அடுத்த புதன் அவரிடம் இதையெல்லாம் இப்படி வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு உங்களை எழுப்பி நிறுத்தினது தப்பு தம்பி. உங்களைக் கேக்காம கை தட்டிட்டோம்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "டாக்டர்கிட்ட எனக்கு என்ன ஆகும்னு நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலண்ணே. பிள்ளையப் பத்திதான் கேட்டேன். என்னைப் பத்திக் கேட்டா சுயநலம்னு நினைச்சிடுவாங்களோன்னு இருந்துச்சு" என்றார்.

கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதினோம். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், கொடுத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள், யாருக்காவது கெடுதல் ஆனதா, ஆனவருக்கு அப்புறம் என்ன செய்தீர்கள், எத்தனை மாதம் பாரம் தூக்கக் கூடாது, நான் வேண்டாம் என்றால் பிள்ளைக்கு வேறு வழி என்ன. கடைசிக் கேள்வியை எழுதும்போது அவர் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுதினார்.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்லப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். பிள்ளைக்கும் அவருக்கும் ஜெபியுங்கள், பேரைச் சொல்லாமல் ஜெபியுங்கள். காலை ஆறரை மணி பஸ். கூட அவருடைய மச்சான் போகிறார், தாளைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறது அவர்தான்.